பெர்ரி பேன்கேக்: சத்து பழத்திலா, மாவிலா?

பசியாற என்ன என்று கேட்டால் மலேசியாவில் எங்கள் தாப்பா பக்கத்தில் வரும் பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். தோசை, ரொட்டி சானாய், நாசி லெமாக், புட்டு மாயம், ஒன்றும் ஆகாத நாளில் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். கொஞ்ச காலமாக அந்த வரிசையில் பேன்கேக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், நாமும் செய்கிறோம். அதிலும் பெர்ரிப் பழம் போட்ட பேன்கேக் என்றால் தனி மவுசு. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை எங்கள் டவுனிலிருந்துதான் கிளம்புகிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போனால் தானா ராத்தா. ஸ்ட்ராபெரி விளைவது அந்த மலையில்தான், அதனால் அது எங்களுக்கு அந்நியப் பழமில்லை. மலைக்குப் போய் வருகிற யாராவது ஒருவர் கையில் ஒரு டப்பா இறங்கிவிடும்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, மேல பழம் போட்டாச்சு. அப்புறம் என்ன, சத்துதானே லா?"

நியாயமான கேள்வி. பதில், பாதி ஆமாம், பாதி இல்லை. பெர்ரி நல்ல பழம், சந்தேகமில்லை. ஆனால் தட்டில் இருப்பது பெர்ரி மட்டுமில்லையே. மாவு, முட்டை, பால், கொழுப்பு, சர்க்கரை, மேலே ஊற்றும் பாகு என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பசியாறல். எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பேன்கேக்கை நல்ல சாப்பாடாகவும் செய்யலாம், கேக் கடைப் பண்டமாகவும் செய்யலாம். இரண்டும் நம் கையில்தான்.

பேன்கேக் என்பது என்ன?

மாவைக் கரைத்து, சூடான கல்லில் ஊற்றி, இரண்டு பக்கமும் வேகவைத்து எடுப்பது. அவ்வளவுதான். மலாய்க்காரர் வீடுகளில் செய்யும் லெம்பெங்கும் இதே குடும்பம்தான். தேங்காய்ப்பூ போட்ட லெம்பெங்கை நெத்திலிச் சம்பலோடு சாப்பிட்டவர்களுக்குப் பேன்கேக் புதிதாகத் தெரியாது. பசார் மாலாமில் நிலக்கடலையும் சீனியும் தூவி மடித்துத் தருகிற அப்பாம் பாலிக்கும் உறவுதான்.

தோசைக்கும் பேன்கேக்குக்கும் உள்ள பெரிய வேறுபாடு, மாவு எப்படி உப்புகிறது என்பதில் இருக்கிறது. தோசை மாவு இரவெல்லாம் புளிக்கிறது. நுண்ணுயிர்கள் மெதுவாக வாயுவை உண்டாக்குகின்றன. பேன்கேக்கில் அந்த வேலையைப் பேக்கிங் பவுடர் சில நிமிடங்களில் முடித்துவிடும். பேக்கிங் சோடா, ஒரு காய்ந்த அமிலத்தூள், இரண்டும் முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் மாவுப்பொருள் என்று மூன்றும் கலந்ததுதான் பேக்கிங் பவுடர். ஈரம் பட்டதும் சோடாவும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், கல்லின் சூட்டில் இன்னும் கிளப்பும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1843-இல் இதை உருவாக்கினார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாதாம், அதற்காகத்தான். நம் ஊர்க் கடைகளில் இதைத் தேடினால் பொட்டலத்தில் 'செர்புக் பெனாயிக்' என்று போட்டிருக்கும்.

ஒரு குறிப்பு. 'தெப்போங் நாயிக் செண்டிரி' என்று எழுதிய மாவை வாங்கினால் அதில் இந்தத் தூள் ஏற்கெனவே கலந்திருக்கும். மேற்கொண்டு போட்டால் வாயில் சவர்க்காரம் மாதிரி கரிக்கும்.

பழத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கணக்கு

முதலில் பழமே இல்லாத சாதாரணப் பேன்கேக்கைப் பார்ப்போம். வெள்ளைக் கோதுமை மாவு ஒரு கப், அதாவது 125 கிராம். முட்டை ஒன்று. பால் 200 மில்லி. சீனி ஒரு மேசைக்கரண்டி. உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. இதில் உள்ளங்கை அளவுள்ள பேன்கேக் எட்டு வரும்.

மாவு மட்டும் ஏறத்தாழ 455 கலோரி. வெண்ணெய் 100, பால் 125, முட்டை 70 சொச்சம், சீனி 50. கூட்டினால் 800 கலோரி. ஆக ஒரு பேன்கேக்குக்கு 100. பெரியவர் ஒருவர் மூன்று சாப்பிடுவார் என்று வைத்தால் 300 கலோரி. ஒரு வெறும் ரொட்டி சானாய்க்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கும் அதுவேதான். அந்த மூன்றில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 44 கிராம், புரதம் 9 முதல் 10 கிராம், நார்ச்சத்து ஒன்றரை கிராம்கூட இல்லை.

அந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காலைச் சாப்பாட்டில் ஒன்றரை கிராம் என்றால் மீதியை எங்கே போய்த் தேடுவது? நார்ச்சத்து இல்லாத மாவு சீக்கிரம் செரித்து, சீக்கிரம் இரத்தத்தில் சர்க்கரையாகி, சீக்கிரம் பசிக்கவும் வைத்துவிடும். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை பள்ளிக்கூடத்து இடைவேளைக்கு முன்பே பசியில் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் மேல் மூன்று ஸ்ட்ராபெரிப் பழத்தை அழகாக வைக்கிறோம். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மூன்று பழம் சேர்ந்து 35, 40 கிராம் எடை. அதிலிருந்து வருவது பன்னிரண்டு கலோரி, முக்கால் கிராம் நார்ச்சத்து, 20 மில்லிகிராம் சொச்சம் வைட்டமின் சி. வைட்டமின் சி பரவாயில்லை. மற்றபடி தட்டின் கணக்கு அசையவே இல்லை.

அப்புறம் பாகு வருகிறது. மேப்பிள் பாகு ஒரு மேசைக்கரண்டியில் 12 கிராம் சர்க்கரை, 52 கலோரி. தாராளமாக ஊற்றும் கை மூன்று கரண்டி ஊற்றும். 36 கிராம் சர்க்கரை, 156 கலோரி. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதுதான். அந்த நாளின் பங்கு முழுவதும் காலையிலேயே, அதுவும் ஒரு தட்டிலேயே கடந்து போய்விட்டது. நான் சொல்வது அசல் மேப்பிள் பாகைப் பற்றி. நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மேப்பிள் வாசனை சேர்த்த சர்க்கரைப் பாகுதான்.

டின் பால் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. டின்னைத் திருப்பி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பல டின்களில் 'கிரிமர் பெகாட் மானிஸ்' என்றிருக்கும். பாலில் செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்த்த இனிப்புக் கிரீமர் அது, கெட்டிப் பால்கூட இல்லை. செம்பனைத் தோட்டத்து நடுவே வாழும் நமக்கு இந்தச் செய்தி ஆச்சரியம் தரக் கூடாதுதான். ஆனாலும் பிள்ளைக்குப் பால் ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இதை ஊற்றுகிறவர்கள் நிறைய.

பெர்ரியில் உண்மையில் என்ன இருக்கிறது?

இப்போது பழத்துக்கு வருவோம். நூறு கிராம் ஸ்ட்ராபெரியில் 32 கலோரி, 5 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, 2 கிராம் நார்ச்சத்து, ஏறத்தாழ 59 மில்லிகிராம் வைட்டமின் சி. பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 70 முதல் 90 மில்லிகிராம் தேவை. ஒரு கப் நறுக்கிய ஸ்ட்ராபெரி, அதாவது 150 கிராம், அந்தத் தேவையை முடித்துவிடும்.

புளூபெரியில் வைட்டமின் சி அவ்வளவு இல்லை, நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம்தான். சர்க்கரை பத்து கிராம், கலோரி 57. புளூபெரியின் பெருமை அதன் நிறத்தில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ராஸ்பெரி நார்ச்சத்தில் எல்லாவற்றையும் முந்தும், நூறு கிராமுக்கு ஆறரை கிராம். அதன் விதைகள்தான் காரணம். நம் பக்கம் பச்சையாகக் கிடைப்பது அரிது, உறைபெட்டியில்தான் பார்க்கலாம்.

பெர்ரிகளின் சிவப்பு, நீலம், ஊதா எல்லாம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளிலிருந்து வருகின்றன. இவை தாவரங்களில் உள்ள எதிர்ஆக்சிகரணிகளில் (ஆன்டிஆக்சிடன்ட்) ஒரு வகை. பெர்ரி சாப்பிட்டால் அந்த நோய் ஓடிவிடும், இந்த நோய் ஓடிவிடும் என்று பரப்பப்படுவதை நான் நம்புவதில்லை. இந்த நிறமிகள் இரத்தக் குழாய்களுக்கு நல்லவை என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள், அவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும். மருந்துக்குப் பதிலாகப் பழம் ஆகாது.

ஆனால் இந்த நிறமிக்குச் சமையலறையில் ஒரு வேடிக்கை உண்டு. புளிப்பில் சிவக்கும், சோடா போன்றவற்றின் காரத்தன்மையில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவைப் பறித்து வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் சட்டென்று ஊதாவாகும். கிளந்தானில் நாசி கெராபுக்கு நிறம் ஏற்றும் பூ அது. சங்குப்பூவின் நீலமும் புளூபெரியின் நீலமும் ஒரே குடும்ப நிறமிதான். அதனால்தான் மாவில் சோடா அதிகமாகிவிட்டால் பேன்கேக்கில் புளூபெரியைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தெரியும். பழம் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து தூக்கிப் போட வேண்டாம். சோடா கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவே. அடுத்த முறை பாலில் அரை எலுமிச்சம் பழம் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்து ஊற்றினால் நிறமும் நிற்கும், மாவும் மென்மையாக வரும்.

பழத்தை மாவுக்குள் போடுவதா, மேலே வைப்பதா என்று கேட்பவர்களுக்கு: வைட்டமின் சி சூட்டில் அழியும். அதனால் ஸ்ட்ராபெரியைப் பச்சையாக மேலே வைப்பதுதான் புத்தி. மாவுக்குள் போட்டால் தண்ணீர் விட்டு மாவை நசநசவென்று ஆக்கிவிடும், ருசியும் போய்விடும். புளூபெரி உள்ளே போனால் நன்றாக இருக்கும். தோல் கெட்டி, வெந்ததும் வெடித்துச் சாறு பரவும்.

உறைந்த பெர்ரியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, உறைய வைத்தால் சத்து போய்விடும் என்று. பறித்த சூட்டோடு உறைய வைப்பதால் பெரும்பாலான சத்து அப்படியே இருக்கும். கப்பலிலும் குளிர்ப்பெட்டியிலும் நாள் கணக்கில் பயணம் செய்து, தாப்பா வெயிலில் ஒரு மத்தியானம் வாடிய பச்சைப் புளூபெரியைவிட உறைந்தது மேல் என்றுகூடச் சொல்வேன். விலையும் குறைவு. உருக வைக்காமல், உறைந்தபடியே போட வேண்டும். உருகினால் மாவெல்லாம் சாயம்.

காய்ந்த கிரான்பெரியும் டின்னில் வரும் புளூபெரி ஃபில்லிங்கும் வேறு கதை. காய்ந்த கிரான்பெரியில் பாதிக்கு மேல் சர்க்கரை, பழத்தின் புளிப்பை மறைக்கச் சேர்ப்பது. ஃபில்லிங் என்பது சர்க்கரையும் மாவுப்பசையும் சேர்ந்த குழம்பு, அதில் பழம் மிதக்கும். பொட்டலத்தின் பின்பக்கம் 'மக்லுமாட் பெமாக்கானான்' என்ற சத்து விவரக் கட்டத்தில் 'குலா', அதாவது சர்க்கரை, என்ற வரியைப் பார்த்தால் புரிந்துவிடும்.

அதே பேன்கேக்கை எப்படி மாற்றுவது?

மாற்றம் பழத்தில் தொடங்காது, மாவில் தொடங்கும். வெள்ளை மாவில் பாதியை எடுத்துவிட்டு ஆட்டா மாவு போடுங்கள். சப்பாத்திக்கு வாங்கி வைத்திருப்பதே போதும். முழுக் கோதுமை மாவில் நூறு கிராமுக்குப் பத்து கிராமுக்கு மேல் நார்ச்சத்து, வெள்ளை மாவில் மூன்றுகூட இல்லை. முழுவதும் ஆட்டா போட்டால் கனமாகிவிடும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பாதிக்குப் பாதி சரியாக வரும். முட்டையை இரண்டாக்குங்கள். சீனியை எடுத்துவிடுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் நன்றாகப் பழுத்த பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போடலாம்.

இப்போது வாழைப்பழம் இல்லாமல் மூன்று பேன்கேக்குக்கு மறுபடி கணக்குப் பார்த்தால் கலோரி அதே 300. புரதம் பன்னிரண்டரை கிராம். நார்ச்சத்து மூன்று கிராம். மேலே பாகுக்குப் பதில் ஒரு கப் நறுக்கிய ஸ்ட்ராபெரி போட்டால் இன்னும் 48 கலோரி, மூன்று கிராம் நார்ச்சத்து, 88 மில்லிகிராம் வைட்டமின் சி. மொத்தம் 350 கலோரியும் ஆறு கிராம் நார்ச்சத்தும். பாகு ஊற்றிய பழைய தட்டு 470 கலோரி, நார்ச்சத்து இரண்டு கிராம். சமையல் நேரம் ஒன்றுதான், பாத்திரமும் ஒன்றுதான்.

ஆட்டாவும் பெர்ரியும் சேர்வதில் இன்னொரு இலாபம் இருக்கிறது. ஆட்டாவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராத வகை. அது சேர வைட்டமின் சி துணை செய்யும். தேநீரில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதைத் தடுக்கும். காலையில் தேத்தண்ணி இல்லாமல் பசியாறுவதா என்று கேட்பீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கு இந்தச் சின்ன இடைவெளி பெரிய உதவி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே விளையும் பழத்தை வாங்கிவந்து தேநீரைத் தள்ளிவைக்கச் சொல்வது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

கொழுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்ணெய் ஒரு கரண்டி போதும், அல்லது சமையல் எண்ணெய் ஒரு கரண்டி. கல்லில் தடவத் துணியில் நனைத்த எண்ணெயே போதும். உப்பு மட்டும் பலர் கவனிக்காத இடம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டியில் 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாவில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

கல்லில்

மாவு வகைகளையும் தூளையும் ஒரு பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். முட்டை, பால், வெண்ணெயை இன்னொன்றில் அடித்துக்கொள்ளுங்கள். இதை அதில் ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும் கிண்டுங்கள். கட்டி கட்டியாக இருக்கிறதே என்று கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். தோசை மாவை ஆட்டிப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டமான பாடம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் கிண்டக் கிண்ட இழுபட்டுப் பின்னிக்கொள்ளும். ரொட்டி சானாய்க்கு அது வேண்டும், அங்கே மாவைக் கிழியாமல் வீச முடிவதே அதனால்தான். பேன்கேக்குக்கு அது ஆகாது, ரப்பராகிவிடும். பத்து நிமிடம் மூடி வைத்தால் சின்னக் கட்டிகள் தாமாகவே ஊறிக் கரைந்துவிடும். ஆட்டா போட்ட மாவு தண்ணீரை இழுக்கும். கெட்டியாகத் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றிக்கொள்ளலாம்.

கல் மிதமான சூட்டில் இருக்க வேண்டும், தோசைக்கு வைப்பதைவிடக் குறைவாக. ஒரு துளி தண்ணீர் தெளித்தால் சீறிப் பறக்காமல் நடுங்கி நடுங்கிக் காய வேண்டும். ஒரு சின்னக் குழிக்கரண்டி மாவு ஊற்றுங்கள். கரண்டியால் தேய்க்கக் கூடாது. அது தானாகப் பரவி ஓர் இடத்தில் நிற்கும். புளூபெரி போடுவதானால் இப்போது, ஏழெட்டுப் பழத்தை ஒவ்வொன்றாக மேலே வையுங்கள். மாவோடு முன்பே கலந்தால் ஒன்றில் பத்து விழும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது, பிள்ளைகளுக்குள் சண்டை.

முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஓரம் மெல்ல மங்கும், பளபளப்புப் போகும். குமிழிகள் நடுவில் கிளம்பும். முதல் குமிழி வெடித்ததும் அவசரப்பட வேண்டாம். வெடித்த குழிக்குள் மாவு ஓடிவந்து மூடிக்கொண்டால் இன்னும் நேரமிருக்கிறது. ஓரத்துக் குழிகள் மூடாமல் அப்படியே நின்றால் திருப்பலாம். ஒரே முறைதான் திருப்ப வேண்டும். திருப்பிய பின் கரண்டியால் அமுக்காதீர்கள், உள்ளே பிடித்துவைத்த வாயுவெல்லாம் போய்விடும். புளூபெரி பக்கம் கீழே போனதும் 'சுர்' என்று ஒரு சத்தம் வரும், ஊதாச் சாறு ஓரத்தில் கசிந்து கருகத் தொடங்கும். அந்த இடம் கொஞ்சம் கசந்து, கொஞ்சம் இனித்து, எனக்கு மிகவும் பிடித்த இடம். அடுத்ததை ஊற்றுவதற்கு முன் கல்லைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும்.

நீரிழிவு உள்ள வீடுகளுக்கு

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. ஆகவே தோட்டப்புறத்தில் எந்தப் பசியாறலைப் பற்றி எழுதினாலும் இதைத் தொடாமல் போக முடியாது.

பெர்ரி நீரிழிவுக்காரர்களுக்கு ஒத்துப்போகும் பழம்தான், சர்க்கரை குறைவு என்பதால். ஆனால் ஆட்டா கலந்த மூன்று பேன்கேக்கிலும் மாவுச்சத்து 38 கிராம் இருக்கிறது. ஆட்டா என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைக்கக் கூடாது, மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இரண்டு பேன்கேக், கூட ஒரு அவித்த முட்டை, ஒரு கப் ஸ்ட்ராபெரி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெட்டர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குத்திப் பாருங்கள், உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அது சொல்லிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் கேட்டுக்கொண்டு அளவை வைத்துக்கொள்ளட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் புளூபெரி கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கும் அளவு அது. நசுக்கியோ நாலாக வெட்டியோ கொடுங்கள். பாகுக்குப் பதிலாகக்கூட, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

மலைக்குப் போகாமலே பெர்ரி

கேமரன் ஸ்ட்ராபெரி 1,400, 1,500 மீட்டர் உயரத்தின் குளிரில் விளைவது, வருடம் முழுவதும் கிடைக்கும். ஆனால் கீழே இறங்கியதும் எங்கள் வெயிலில் சீக்கிரம் துவண்டுவிடும். வாங்கியதும் கழுவி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். டப்பாவில் தாளை விரித்து, காம்போடு குளிர்ப்பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம். அடியில் இருக்கும் பழத்தைப் பார்த்து வாங்குங்கள், மேலடுக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

எல்லாருக்கும் ஒவ்வொரு வாரமும் இறக்குமதிப் பழம் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. முசுக்கட்டை, அதாவது மல்பெரி, நம் தாழ்நிலத்துச் சூட்டில் சாதாரணமாக வளரும். ஒரு குச்சியை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். நூறு கிராமில் 36 மில்லிகிராம் வைட்டமின் சி, பழங்களில் அரிதாக ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் இரும்புச்சத்து, ஸ்ட்ராபெரியைவிடக் கறுத்த நிறம். கிளையைக் கவாத்து செய்தால் புதுத் துளிரோடு காய் வரும். பள்ளிச் சட்டையில் சாறு பட்டால் மட்டும் அம்மாக்களுக்கு வேலை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கெமுந்திங் பழமும் செண்டுடுக் பழமும் நினைவிருக்கும், நாக்கு கறுக்கக் கறுக்கத் தின்றது. நாவல்பழமும் அப்படித்தான். அந்தக் கறுப்பும் ஆந்தோசயனின்தான். பேன்கேக்குக்கு அவை சரிப்படாது, விதையும் துவர்ப்பும் அதிகம். ஆனால் பெர்ரி என்பது ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது.

வைட்டமின் சி-தான் நோக்கம் என்றால் பெர்ரியே வேண்டாம். பக்கத்தில் பீடோரில் சாலையோரம் அடுக்கிவைத்து விற்கும் கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்து ஐந்து கிராம். பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை இலவங்கப்பட்டைத் தூள் தூவிப் பேன்கேக் மேல் போட்டால் நன்றாகவே இருக்கும்.

தோசையையும் சாம்பாரையும் தள்ளிவிட்டு இது வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உளுந்தும் பருப்பும் தரும் புரதத்துக்கு ஒரு முட்டைப் பேன்கேக் ஈடு கொடுக்கலாம், மேலே போகாது. சனி, ஞாயிறில் ஒரு வேளை, பிள்ளைகளையும் கல் பக்கம் நிறுத்தி, குமிழி எண்ணச் சொல்லிச் செய்வதற்கு நல்ல பலகாரம்.

மிஞ்சினால் ஆறவிட்டு, நடுவே தாள் வைத்து அடுக்கி, உறைபெட்டியில் வையுங்கள். ஒரு மாதம் வரை தாங்கும். பள்ளி நாளில் எடுத்து, எண்ணெய் இல்லாத கல்லில் சின்னத் தீயில் மூடிபோட்டு இரண்டு பக்கமும் சுட வைத்தால் போதும். கரைத்த மாவை மட்டும் மறுநாளுக்கு வைக்காதீர்கள். பேக்கிங் பவுடரின் வேகம் அதற்குள் தீர்ந்துவிடும், தட்டையாகத்தான் வரும். பழத்தைச் சாப்பிடும் நேரத்தில் நறுக்கிக்கொள்ளலாம்.